காலி லாரியின் பாரம்

கடைசி மூட்டையை இறக்கி முடித்த பிறகும் லாரியின் பின்பக்கம் எழும்பவில்லை.

அம்பாசமுத்திரத்து அரிசி மண்டி வாசலில், ஐப்பசி மாதத்து ஈர வெயிலில், ஐயம்பெருமாள் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாரம் ஏற ஏறப் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வில்பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகும். பாரம் இறங்க இறங்க அவை முனகிக்கொண்டே மறுபடி வளைந்து வண்டியை மேலே தூக்கும். கொழும்பில் தேயிலைக் கம்பெனி லாரி ஓட்டிய காலத்தில் திரும்பிப் பார்க்காமல், அந்த முனகலைக் கேட்டே வண்டி காலியாகிவிட்டது என்று சொல்லிவிடுவார். இன்று முனகல் பாதியிலேயே நின்றுபோயிற்று. மேலே ஏறிப் பார்த்தார். சிந்திய அரிசியும் ஒரு சாக்குக் கிழிசலும் தவிரப் பலகைத் தளத்தில் ஒன்றும் இல்லை. கீழே குனிந்து பார்த்தார். பட்டைகள் தட்டையாகவே கிடந்தன, மேலே ஒரு கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது போல.

மூட்டை ஏற்றி இறக்குகிற முத்துமாலை தலைத்துண்டை உதறிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். லாரி வந்த நாளிலிருந்து அவரோடு வருகிறவன். வாட்டசாட்டமான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். அவனும் குனிந்து பார்த்தான்.

"பட்டை தளந்து போச்சு போலுக்கு அண்ணாச்சி. பழைய வண்டிதானே" என்றான்.

ஐயம்பெருமாளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பழைய வண்டி என்று தெரிந்துதான் வாங்கியிருந்தார்.

அவர் பாட்டனார் நாளில், சொந்த ஊரான வீரவநல்லூரில் நல்ல வயல் என்று நாலு பேர் கை காட்டுவதெல்லாம் அவர்கள் வீட்டு வயலாக இருந்தது. அப்பா நாளில் அது கோர்ட்டு வாசலிலேயே கரைந்தது. ஐயம்பெருமாள் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், பிள்ளைமார் வீட்டில் யாரும் தொடாத மோட்டார் வேலையைக் கற்றுக்கொண்டார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் ஊர் திரும்பினார். மனைவி ஞானம்பாளுக்கும், தவழ்கிற வயதில் விட்டுவிட்டுப் போய் இப்போது ஓடித் திரிகிற மகள் பிரம்மநாயகிக்கும் முன்னால் ஒரு மனுஷனாக நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

லாரியைத் தூத்துக்குடியில் ஒரு கொட்டகையில் பார்த்தார். விற்றவர் குலசேகரன்பட்டினத்து அகமது மீரான், பழைய இயந்திரங்களை வாங்கி விற்கிறவர், ஒளிவு மறைவு இல்லாத மனிதர். சீமை வண்டி. கெட்டி ரப்பர் சக்கரம், பின் அச்சை இழுக்கும் சங்கிலி, டிரைவர் தலைக்கு மேலே கித்தான் கூரை, இரண்டு பக்கமும் திறப்பு. தண்ணீர்த் தொட்டி ஒழுகும், இரண்டாவது கியர் உரசும் என்பதையெல்லாம் மீரானே முந்திக்கொண்டு சொன்னார். இன்னொன்றும் சொன்னார்.

"போன வருசம் விஷக்காய்ச்சல் நேரத்துல உங்க ஆத்துப் பக்கந்தான் ஓடியிருக்கு, பிள்ளைவாள். சேரன்மாதேவி பிச்சைக்கண்ணுன்னு ஒரு ஆள் ஓட்டுனான். அதுக்குப் பொறவு கொட்டகையிலயே கெடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மருந்து கொண்டுபோயிருக்கும் என்று ஐயம்பெருமாள் நினைத்துக்கொண்டார். இன்ஜின் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பின்பக்கத்துக் கதவுப் பலகையைத் திறக்க முடியாதபடி, வெளியிலிருந்து நீளமான வண்டி ஆணிகளை வரிசையாக அறைந்திருந்தார்கள். ஏன் என்று மீரானுக்கும் தெரியவில்லை. பாரம் ஏற்றுகிற வண்டிக்குப் பின்கதவு இல்லாமல் எப்படி? கடப்பாரை வாங்கி அங்கேயே நெம்பிப் பிடுங்கினார். ஆணிகள் லேசில் வரவில்லை. ஒவ்வொன்றும் கத்திக்கொண்டே வந்தது. கடைசி ஆணி வந்ததும், தொடுவதற்கு முன்பே பலகை தானாக விழுந்து திறந்துகொண்டது. உள்ளிருந்து வெள்ளைத் தூசி ஒரு மூச்சாக வந்து அவர் முகத்தில் அடித்தது. நீற்றிய சுண்ணாம்பின் நெடி. அந்த நெடி அன்று இரவு சாப்பாட்டிலும் இருந்தது.

பட்டைகளை அம்பாசமுத்திரத்துக் கொல்லரிடம் கொண்டுபோய்க் கழற்றிக் காட்டினார். கொல்லர் அதைத் தரையில் வைத்து ஏறி மிதித்துப் பார்த்தார், தட்டிச் சத்தம் கேட்டார், புதுப் பட்டை போல இருக்கிறது என்றார். கழற்றி வைத்தால் வில்லாக வளைந்து நின்றது. காலி வண்டியில் மாட்டியதும் மறுபடி தட்டையாகப் படுத்தது. கொல்லர் கூலி வாங்கிக்கொண்டு வண்டியைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரந்தான் தட்டுகிற சத்தம் கேட்டது.

பாபநாசத்து மலையடியிலிருந்து கரி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உச்சி வேளை. வலப்பக்கம் மருத மரங்களுக்குப் பின்னால் ஆறு மினுங்கிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் வானத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. மலை மேல் மட்டும் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருக்க, காற்று ஒரு இலையைக்கூட அசைக்காமல் நின்றுபோய், சங்கிலியின் கடகடப்பும் சூடான எண்ணெயின் வாடையும் கரித் தூளின் கசப்பும் தவிர அந்தச் சாலையில் வேறு எதுவும் உயிரோடு இல்லாதது போல இருந்தது. அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையில் இரண்டு தட்டு.

மேலே நிற்கிற ஆள் அப்படி இரண்டு தட்டுத் தட்டினால் வண்டியை நிறுத்து என்று அர்த்தம். கொழும்பில் ஆனாலும் இங்கே ஆனாலும் லாரிக்காரர்களுக்கு அதுதான் பாஷை. யோசிக்கும் முன்பே ஐயம்பெருமாளின் கால் பிரேக்கை அழுத்திவிட்டது. வண்டி நின்ற பிறகு இடப்பக்கம் திரும்பினார். முத்துமாலை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், கையில் பற்ற வைக்காத பீடி.

"ஏலே, மேல எவன் இருக்கான்?" என்றார்.

முத்துமாலைக்கும் சத்தம் கேட்டிருந்தது. ஏறிப் பார்த்து, ஒரு மூட்டை சரிந்து பலகையில் இடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவர்கள் நின்ற இடத்தில் ஒரு புளிய மரமும் அதன் அடியில் ஓலைக் கொட்டகையும் இருந்தன. இசக்கித்தாய் என்ற பெண்பிள்ளை மோர் விற்கிற இடம். நின்றதுதான் நின்றோம் என்று இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கலயம் வாங்கிக் குடித்தார்கள். இசக்கித்தாய் பானையை மூடப் போனவள், மூடாமல் லாரியைப் பார்த்தாள்.

"மேல இருக்கவங்களுக்கு வேண்டாமா?"

"மேல கரி மூட்டைதான் இருக்கு" என்று முத்துமாலை சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, லாரியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பைய முகத்தைத் திருப்பினாள்.

"அந்தப் பிள்ளத்தாச்சிக்காவது ஒரு வாய் கொடுங்கய்யா. நாக்கு வறண்டு உக்காந்திருக்கா."

முத்துமாலையின் சிரிப்பு நின்றது. வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து புத்தி கலங்கியிருக்கிறது என்று ஐயம்பெருமாள் சொல்லிக்கொண்டார். வண்டியைக் கிளப்பியபோது முதுகுப் பக்கம் ஏதோ குளிர்ந்தது. வேர்வை என்று நினைத்தார்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது கொட்டகையில் பானை கவிழ்ந்து கிடந்தது. இசக்கித்தாய் காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள் என்று வயலில் நின்ற ஒருவர் சொன்னார். போன வருஷத்துக் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டதோ என்று அந்த ஊரே பயந்திருக்கிறது. ஆனால் வேறு யாருக்கும் வரவில்லை. அன்று மண்டியில் பாரம் இறக்கிய பிறகு ஐயம்பெருமாள் குனிந்து பார்த்தார். பட்டைகள் முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்யும்போதெல்லாம் லாரியின் அடிப்பலகை இடுக்குகளிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் வடிந்தது. அவரே நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மறு மழைக்கு மறுபடியும் வெள்ளை. தெருநாய்கள் அந்தத் தண்ணீர் ஓடிய தடத்தைத் தாண்டாமல் சுற்றிப் போயின. வண்டியை வீட்டுப் பக்கம் நிறுத்தவே அவருக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வெளியே தோப்பில் நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார். மகளுக்கு அதில் வருத்தம். கிழக்கே தோப்புப் பக்கம் அப்பாவின் ஹாரன் கேட்டால் போதும், பாதி வழிக்கு ஓடி வந்துவிடுவாள்.

கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே சாலையோரத்தில் ஒரு சிற்றூர். முத்துமாலையின் வீடு அங்கேதான். ஒரு சாயங்காலம் காலி வண்டியோடு அதைத் தாண்டிக்கொண்டிருந்தபோது முதுகுப் பலகையில் மறுபடியும் இரண்டு தட்டு. இந்த முறை ஐயம்பெருமாள் யோசித்தார். நிற்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் எத்தனையோ வருஷத்துப் பழக்கம். நினைப்பு முடிவதற்குள் கால் அழுத்திவிட்டது. வண்டி நின்ற இடம் சரியாக முத்துமாலை வீட்டு வாசல்.

"வீட்டு முன்னாலயே நிறுத்திட்டீயளே அண்ணாச்சி" என்று சந்தோஷமாகக் குதித்து இறங்கினான் அவன். இறங்கியவன் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். அங்கே நின்றான். ஐயம்பெருமாள் பக்கவாட்டில் தலையை நீட்டிப் பார்த்தார். முத்துமாலை நிமிர்ந்து, திறந்து தொங்கிய பின்கதவுக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. பெரியவர்கள் முன்னால் செய்வது போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டான்.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஐயம்பெருமாள் தேடிக்கொண்டு போனபோது அந்த வாசலில் பாடை கட்டி மிஞ்சிய மூங்கிலும் ஓலையும் கிடந்தன. முத்துமாலையின் மனைவி சுடலைவடிவு அழுது ஓய்ந்து சுவரோடு சாய்ந்திருந்தாள். காய்ச்சலில் என்ன சொன்னான் என்று அவரே கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"லாரில எனக்கு இடம் போட்டு வச்சிருக்காவ, தள்ளி உக்காந்து இடம் விட்டிருக்காவன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு அண்ணாச்சி" என்றாள். "நீங்கதான் கூட்டிட்டு வரச் சொன்னீயளோன்னு நெனச்சேன்."

வண்டியை நிறுத்தியது தன் கால்தான். அந்த எண்ணத்தோடுதான் அவர் அதற்குப் பிறகு படுத்தார், எழுந்தார். வண்டியை எடுக்காமல் தோப்பிலேயே விட்டுப் பார்த்தார். மண்டிக்காரர் ஆள் அனுப்பினார். சேரன்மாதேவிக்கு ஒரே ஒரு நடை அரிசி, வாக்குக் கொடுத்ததாயிற்றே என்றார். சேரன்மாதேவி என்ற பெயர் காதில் விழுந்ததும் மீரான் சொன்ன ஆளின் ஞாபகம் வந்தது. அதற்காகவே ஒப்புக்கொண்டார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

அந்த வழி நெடுக யாரும் தட்டவில்லை. ஆனால் கல்லிடைக்குறிச்சி தாண்டியதும், முதுகுப் பலகைக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், ஒரு ஆள் தொண்டையைச் செருமினான். காலையில் முதல் மூட்டையைத் தூக்கும் முன் முத்துமாலை அப்படித்தான் செருமுவான்.

ஐயம்பெருமாள் திரும்பவில்லை. கண்ணில் நீர் வழிய ஓட்டினார்.

பிச்சைக்கண்ணு லாரி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு கத்திரித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அரிசியை இறக்கிவிட்டு விசாரித்துக்கொண்டு போனபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. லாரிச் சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து நிமிர்ந்த ஆளின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. அவன் கிட்டே வரவில்லை. தூரத்திலேயே நின்று, அவரைத்தான் தன் பக்கம் வரச்சொல்லிக் கை காட்டினான். ஐயம்பெருமாள் வரப்பில் நடந்து அவனிடம் போனார்.

முதலில் அவன் கேட்டது பின்கதவைப் பற்றி. ஆணிகளைப் பிடுங்கிவிட்டதாக அவர் சொன்னதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். சொன்னதை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

காய்ச்சல் காலத்தில் அந்த லாரியில் அவன் ஏற்றிப் போனது மருந்து இல்லை. ஊர்களில் தூக்குவதற்கு ஆள் இல்லாமல் போனபோது, உயிரோடு இருந்தவர்கள் செத்தவர்களைப் பாயில் சுருட்டிச் சாலையோரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். லாரி மேல் நிற்கிற ஆள் பாயைப் பார்த்ததும் இரண்டு தட்டுத் தட்டுவான். பிச்சைக்கண்ணு நிறுத்துவான். ஏற்றுவார்கள், மேலே சுண்ணாம்பைத் தூவுவார்கள், ஆற்றோரப் புறம்போக்கில் வெட்டி வைத்த பள்ளத்துக்குக் கொண்டுபோவார்கள். கொஞ்ச நாளில் மேலே நின்ற ஆளும் காய்ச்சலில் போனான். மாற்று ஆள் வந்தான், அவனும் போனான். அதன் பிறகு மேலே நிற்க யாரும் வரவில்லை. ஆனால் தட்டுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை. தட்டிய இடத்தில் நின்றால் அங்கே ஒரு பாய் இருந்தது. சாமிதான் வழி காட்டுகிறது என்றுகூட அவன் நினைத்திருக்கிறான். அப்புறம் ஒரு நாள் ஒரு களத்துப் பக்கம் தட்டியது. நின்று பார்த்தால் பாய் இல்லை. ஒரு ஆள் நன்றாக நின்று நெல் தூற்றிக்கொண்டிருந்தான். அவன் லாரியை அண்ணாந்து பார்த்தான், மேலே யாரோ தெரிந்தவர்களைப் பார்த்தது போல. மறுநாள் அதே களத்தில் அவன் பாயில் சுருண்டிருந்தான்.

"தட்டுதவங்க எறங்கணும்னு தட்டல அண்ணாச்சி" என்றான் பிச்சைக்கண்ணு. "ஏத்தச் சொல்லித் தட்டுதாவ."

அவன் வீட்டு முன்னாலும் ஒரு நாள் தட்டியிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்காமல் போயிருக்கிறான். அன்றைக்கே பின்கதவை ஆணி அறைந்து, வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டான். சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே அவன் பெண்டாட்டி கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நின்னாத்தான் அவங்களால ஏத்த முடியும். நிக்காம போயிட்டா ஒண்ணும் செய்ய முடியாது. எத்தன தடவ தட்டுனாலும் நிக்காதீய. பொழுதடையுதுக்குள்ள இத இங்கன இருந்து கொண்டுபோயிருங்க."

எங்கே கொண்டுபோவது? கிழக்கே போனால் பேட்டை, திருநெல்வேலி. தெருவுக்குத் தெரு ஜனம். மேற்கே போனால் பாபநாசம் கோயிலைத் தாண்டி மலைப்பாதை. அதற்கு மேல் வீடு இல்லை, ஆள் இல்லை. பாறைக்குக் கீழே ஆறு ஆழமாக ஓடுகிறது. அங்கே இறங்கிக்கொண்டு வண்டியை உருட்டி விட்டுவிடலாம். வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அதோடு போகும், போகட்டும். நடுவில் வீரவநல்லூர் வரும். அவர் வீடு சாலையைப் பார்த்த வீடு. நிற்காமல் போனால் சரி. பிச்சைக்கண்ணு போகவில்லையா?

கிளம்பும்போதே மழை பிடித்தது. கார்பைடு விளக்குகளை ஏற்றி வைத்துக்கொண்டார். அவை சீறிக்கொண்டு எரிந்தன. சாலையில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் மஞ்சளாக ஒரு வட்டம், அதற்கு அப்பால் மழையும் பொழுது சாய்கிற கருக்கலும் ஒன்றாகிக் கிடந்தன. கித்தான் கூரையில் மழை கொட்டிய சத்தத்துக்கு அடியில், இன்ஜின் சத்தத்துக்கும் அடியில், பின்னால் ஈரத் துணிகள் உரசுவது போல ஒரு சத்தம் இருந்தது. நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் கால் மாற்றி உட்காருகிற சத்தம். சுண்ணாம்பு நெடியோடு வேப்பிலை வாடையும், காய்ச்சல்காரர்கள் படுத்த படுக்கையின் புளித்த வாடையும் சேர்ந்து அவர் கழுத்தோரமாக வந்தன. காலி வண்டி மேட்டில் ஏறத் திணறியது.

வீரவநல்லூர் எல்லையில் தோப்பைத் தாண்டினார். சத்தம் இல்லை.

முதல் வீடுகள். சத்தம் இல்லை.

எண்ணெய்ச் செக்கடி. மூடிய கடைகள். ஒரு திண்ணையோரம் ஒதுங்கி நின்ற மாடு. தட்டு இல்லை. உரசுகிற சத்தமும் நின்றிருந்தது. எல்லாரும் அசையாமல் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. எதையோ எதிர்பார்த்து.

தூரத்தில் அவர் வீட்டு மாடத்து விளக்கு தெரிந்தது.

இரண்டு தட்டு.

அவர் வலக்காலை பிரேக்கில் வைக்காமல் காலடிப் பலகையோடு அழுத்தி வைத்துக்கொண்டார். நிற்க மாட்டேன்.

இரண்டு தட்டு. இது வேறு கை. கொஞ்சம் மெலிந்த கை.

இரண்டு தட்டு. வளையல் சத்தத்தோடு.

பிறகு எல்லாக் கைகளும். பலகை முழுவதும். அவர் தலைக்குப் பின்னால், தோளுக்குப் பின்னால், இடுப்புக்குப் பின்னால். இருக்கை அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. வண்டியின் வேகத்தை அவர் குறைக்கவில்லை. சாலையில் யாராவது குறுக்கே வந்துவிட்டால் நிற்க வேண்டி வருமே என்ற பயத்தில், யாரும் வரக்கூடாது என்று, ஹாரனைப் பிடித்து அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

அந்த ஹாரனை ஊரில் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் ஒருத்தி இருந்தாள் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

வாசல் கதவு திறந்தது. விளக்கு வட்டத்துக்குள் ஒரு பாவாடை ஓடி வந்தது.

அழுத்தினார்.

பிரேக் பிடித்த வேகத்தில் ரப்பர் சக்கரங்கள் சேற்றில் வழுக்கின. வண்டி பக்கவாட்டில் திரும்பி, குலுங்கி, இன்ஜின் செத்து, நின்றது.

நின்றுவிட்டது.

தட்டுகிற சத்தம் இல்லை. மழை மட்டும். விளக்கின் சீறல் மட்டும். வண்டியின் முகப்பில், தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கை தூரத்தில் பிரம்மநாயகி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. தலையில் மழை விழுந்து முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உள்ள போ தாயி" என்றார். மறுபடி சொன்னார். "அப்பா சொல்லுதேன்லா. உள்ள போ."

அவள் அவரைப் பார்க்கவில்லை.

அவர் தலைக்கு மேலே பார்த்தாள். அவருக்குப் பின்னால். தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருமே ஒரு வெட்கச் சிரிப்பு, அது அவள் முகத்தில் வந்தது. ஏதோ மெல்லச் சொல்லித் தலையை ஆட்டினாள். யாரோ கேட்டதற்குச் சரி என்பது போல. பிறகு லாரியின் பக்கமாகப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

ஐயம்பெருமாள் மறுபக்கம் குதித்தார். சேறு. கால் வழுக்கியது. குப்புற விழுந்தார். எழ முடியவில்லை, முழங்கால் பிசகியிருந்தது. வாயில் மண். மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காற்றுத்தான் வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஞானம்பாள் யாரோடு பேசுகிறாய் என்று மகளைக் கேட்கிற குரல் வந்தது.

தரையோடு தரையாகக் கிடந்த அவருக்கு, லாரியின் அடியில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, அந்தப் பக்கம் தெரிந்தது. திறந்து தொங்கிய பின்கதவு. அதற்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள். வெள்ளைத் தண்ணீர் அவற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பாதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன.

குதிகால்கள் மேலே வந்தன. தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டுகிற குழந்தை போல, விரல்களில் நின்றாள்.

அவர் கைகளால் சேற்றைப் பிறாண்டி ஊர்ந்தார்.

வலது பாதம் தரையை விட்டது.

பிறகு இடது பாதம்.

இரண்டும் பின்கதவுக்கு மேலே மறைந்தன, பைய, எந்தக் கையிலிருந்தும் நழுவிவிடாதபடி பத்திரமாகத் தூக்குகிறவர்களின் நிதானத்தோடு. சேற்றில் பதிந்திருந்த இரண்டு விரல் தடங்களிலும் தண்ணீர் ஏறி நிறைந்தது. அவர் தலைக்கு மேலே, இருட்டுக்குள், பலகைத் தளத்தில் ஏராளம் பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிற சத்தம் கேட்டது.